முதலில் இடம், பிறகு லைன், கடைசியில் அஞ்சல்

சம்பளப் பட்டியல் தலைமை அலுவலகத்துக்குப் போய்ச் சேரவில்லை. பள்ளியிலிருந்து அனுப்பிய படிவம் வரவில்லை என்கிறார்கள். கூட்டுறவுக் கடையின் கணக்குக் கோப்பு சேமிக்க மறுக்கிறது. சுங்கை பஞ்சாங், சுங்கை பெசார், சபாக் பெர்ணாம் பக்கம் கணினியை நம்பி வேலை பார்க்கிறவர்களுக்கு இதெல்லாம் பழகிப் போன தொல்லை. கோலசிலாங்கூர் தோட்ட ஆபீஸ்களிலும் இதே கதைதான். காரணம் கேட்டால் எல்லாரும் ஒரே பதில் வைத்திருக்கிறார்கள்: "லைன் சரியில்லை."

லைன் கெட்டிருக்கலாம். லைன் நன்றாக இருக்க, அஞ்சல் மட்டும் வரிசையில் முடங்கிக் கிடக்கலாம். இரண்டிலும் குற்றமில்லாமல், கணினியின் வட்டில் எழுதவே இடமில்லாமல் போயிருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். உள்ளே எது என்று கண்டுபிடிக்க ஏழெட்டுக் கட்டளைகள் போதும். அவை எல்லாக் கணினியிலும் இலவசமாகவே இருக்கின்றன, அல்லது ஒரு நிமிடத்தில் நிறுவிவிடலாம்.

தொடங்குமுன் ஒரு குறிப்பு. கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில், உச்சரிப்பின்படி தந்திருக்கிறேன். விசைப்பலகையில் அவற்றை ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடிக்க வேண்டும். விளக்கம் பெரும்பாலும் லினக்ஸ் கணினிக்கானது. மேக் கணினியிலும் அநேகமாக இப்படியேதான். விண்டோஸில் வேறுபடும் இடங்களை ஆங்காங்கே சொல்கிறேன்.

கறுப்புத் திரை எதற்கு?

டெர்மினல் என்ற கறுப்புத் திரையைப் பார்த்ததும் பலருக்கும் ஒரு தயக்கம். ஆனால் இந்தக் கட்டளைகள்தான் மூத்தவை. பெல் ஆய்வகத்தில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் உருவாக்கிய யூனிக்ஸின் முதல் பதிப்பு 1971இல் வந்தது. வட்டில் மீதமுள்ள இடத்தைக் காட்டும் டிஎஃப், கோப்புகள் பிடித்திருக்கும் இடத்தைக் காட்டும் டியூ, கடிதம் படிக்கும் மெயில் மூன்றும் அந்தப் பதிப்பிலேயே இருந்தன.

மலேசியாவுக்கு இணையம் வந்த வழியும் இதுவே. 1985இல் தொடங்கிய மிமோஸ் ஆய்வு நிறுவனம், முகமட் அவாங் லா தலைமையில் 1987இல் ராங்கோம் என்ற வலையமைப்பை அமைத்துப் பல்கலைக்கழகங்களைத் தொலைபேசி இணைப்பு வழியே சேர்த்தது. அதில் முதன்மையாக ஓடியது மின்னஞ்சல். பிறகு 1992இல் ஜாரிங் வந்தது. அமெரிக்காவுக்குச் செயற்கைக்கோள் வழியே விநாடிக்கு 64 கிலோபிட் இணைப்பு. இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் 4 மெகாபைட் படம் ஒன்றை அந்த இணைப்பில் அனுப்பினால், வேறு யாரும் பயன்படுத்தாமல் இருந்தாலும், எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு குறுகலான வழியில், எது எங்கே நிற்கிறது என்று நாலு வரி எழுத்தில் சொல்லும் கருவிகள்தான் உதவின. வழி அகன்றுவிட்டது, கருவிகள் மாறவில்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். கீழே சொல்லும் கட்டளைகள் நிலையைக் காட்டுபவை மட்டுமே. எதையும் அழிக்காது, மாற்றாது. தவறாக அடித்தால் ஒரு பிழைச் செய்தி வரும், அவ்வளவுதான்.

முதலாவது: இடம் இருக்கிறதா?

லைனை விட்டுவிட்டு இடத்தில் தொடங்கக் காரணம் உண்டு. இதைப் பார்க்க இணையம் வேண்டாம், யாரையும் அழைக்க வேண்டாம், ஒரு விநாடி போதும்.

டிஎஃப், ஓர் இடைவெளி, ஒரு சிறு கோடு, எச் என்று அடியுங்கள். அந்த எச், அளவுகளை மெகாபைட், கிகாபைட் என்று மனிதர் படிக்கும் வகையில் காட்டச் சொல்கிறது. ஒவ்வொரு வட்டுக்கும் ஒரு வரி வரும்: மொத்தம், பயன்பட்டது, மீதி, விழுக்காடு, எந்த இடத்தில் இணைந்திருக்கிறது. கடைசிப் பத்தியில் வெறும் சாய்கோடு மட்டும் இருக்கும் வரிதான் முக்கியம். அதில் 90 விழுக்காட்டைத் தாண்டினால் கவனம். 100 என்றால் வேறெங்கும் தேட வேண்டாம். உங்கள் தொல்லைக்குக் காரணம் அநேகமாக அதுவே.

உபுண்டு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கண்டு பயப்படுவார்கள். 'ஸ்னாப்' என்ற பெயரோடு வரும் வரிகள் எப்போதும் 100 விழுக்காடு காட்டும். அவை படிப்பதற்கு மட்டுமான மென்பொருள் பொதிகள். நிரம்பியிருப்பதுதான் அவற்றின் இயல்பு. விட்டுவிடுங்கள்.

கணக்குப் பார்ப்பவர் கண்ணில் வேறு இரண்டு முரண்களும் படும். 1 டெராபைட் என்று சொல்லி வாங்கிய வட்டு 931 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஒரு கிகாபைட்டை நூறு கோடி பைட் என்று எண்ணுகிறார், டிஎஃப் அதை 1,07,37,41,824 பைட் என்று எண்ணுகிறது. இன்னொன்று, பயன்பட்டதையும் மீதியையும் கூட்டினால் மொத்தம் வராது. லினக்ஸில் பரவலாக உள்ள இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை, வட்டில் 5 விழுக்காட்டை நிர்வாகிக்கென ஒதுக்கி வைக்கிறது. 500 கிகாபைட் வட்டில் அது 25 கிகாபைட். வட்டு நிரம்பிய நாளில் நிர்வாகி உள்ளே வந்து சுத்தம் செய்ய அந்த ஒதுக்கீடு உதவும்.

இடம் நிரம்பியிருந்தால் யார் நிரப்பியது? அதற்கு டியூ. சந்தேகப்படும் கோப்புறைக்குள் போய், டியூ, சிறு கோடு, எஸ், எச், இடைவெளி, நட்சத்திரக் குறி என்று அடித்தால் உள்ளே இருக்கும் ஒவ்வொன்றும் எவ்வளவு பிடித்திருக்கிறது என்று வரும். பள்ளிக் கணினிகளில் பெரும்பாலும் விழா ஒளிப்பதிவுகள்தான். அலுவலகக் கணினிகளில், எவரும் திறந்தே பார்க்காத பதிவேட்டுக் கோப்புகளாகவும் இருக்கலாம்.

சில நேரம் டிஎஃப் நிரம்பிவிட்டது என்கிறது, டியூ அவ்வளவு இல்லை என்கிறது. ஒரு பெரிய கோப்பை அழித்திருப்பீர்கள். ஆனால் அதைத் திறந்து வைத்திருக்கும் மென்பொருள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். பெயர் போய்விட்டது, இடம் போகவில்லை. அந்த மென்பொருளை நிறுத்தித் தொடங்கினால் இடம் திரும்பக் கிடைக்கும்.

இதற்கு நேர்மாறும் உண்டு. பாதி வட்டு காலியாக இருக்கும், ஆனால் "இடமில்லை" என்ற செய்தி வரும். டிஎஃப், சிறு கோடு, ஐ என்று அடித்துப் பாருங்கள். இஎக்ஸ்டி4 முறைமையில் எத்தனை கோப்பு வைக்கலாம் என்ற எண்ணிக்கை, வட்டை வடிவமைக்கும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. ஒவ்வொரு கோப்புக்கும் ஐநோடு என்ற ஒரு பதிவு வேண்டும். குட்டிக் குட்டிக் கோப்புகள் பல லட்சம் சேர்ந்தால், இடம் மிஞ்சியிருக்கும்போதே ஐநோடு தீர்ந்துபோகும். ஒவ்வொரு கடிதத்தையும் தனிக் கோப்பாக வைக்கும் அஞ்சல் சேவையகங்களில் இது நடக்கக்கூடியது.

"படிக்க மட்டுமே" என்ற பொருளில் செய்தி வந்து சேமிக்க மறுத்தால், அது இடப் பிரச்சினை அல்ல. இடி மின்னலோ மின்வெட்டோ வந்த மறுநாள் இப்படி நடந்தால், லினக்ஸ் வட்டில் கோளாறைக் கண்டு எழுதுவதை நிறுத்தியிருக்கிறது என்று பொருள். அப்போது முதல் வேலை, முக்கியக் கோப்புகளை வேறு வட்டுக்குப் படியெடுப்பது. பழுது பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்குத் தனியாக ஒரு செய்தி. லினக்ஸில் கோப்புப் பெயரின் உச்ச அளவு 255 பைட். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பைட். யுனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகள். 'சம்பளம்' என்பதில் கண்ணுக்குத் தெரிவது ஐந்து எழுத்து. கணினிக்கு அது ஏழு குறியீடு, 21 பைட். மலாயில் 'காஜி' என்று வைத்தால் 4 பைட்டில் முடிந்துவிடும். ஆகவே, "திருவிழா ஏற்பாட்டுக் குழுவின் ஐந்தாவது கூட்டத்தின் திருத்தப்பட்ட நடவடிக்கைக் குறிப்பு" என்றெல்லாம் பெயர் வைத்தால் 255 பைட்டை நெருங்கிவிடும், அதைத் தாண்டினால் 'பெயர் நீளம் மிகுதி' என்ற பிழை வரும். தமிழில் வையுங்கள், ஆனால் சுருக்கமாக வையுங்கள். கறுப்புத் திரையில் அந்தப் பெயர் கேள்விக்குறிகளாகவோ, 340, 256 என்ற எண்களாகவோ தெரிந்தால் கோப்பு கெட்டுவிட்டதாக எண்ண வேண்டாம். திரைக்கு மொழி அமைப்பு சரியில்லை, அவ்வளவே.

விண்டோஸில் டிஎஃப் கிடையாது. பவர்ஷெல் திரையில் கெட்-வால்யூம் என்று அடித்தால் மீதி இடம் தெரியும்.

இரண்டாவது: லைன் இருக்கிறதா?

இதற்கு நான்கு படிகள். முதற்படியில் தவறினால் அங்கேயே நின்றுவிடுங்கள். அடுத்த படிக்குப் போவதில் பயனில்லை.

முதற்படி, உங்கள் கணினிக்கு முகவரி இருக்கிறதா? லினக்ஸில் ஐபி, இடைவெளி, ஏ. விண்டோஸில் ஐபிகான்ஃபிக். 192.168 என்றோ 10 என்றோ தொடங்கும் எண் இருந்தால், வீட்டிலிருக்கும் ரௌட்டர் உங்களுக்கு முகவரி கொடுத்திருக்கிறது. 169.254 என்று தொடங்கினால் கொடுக்கவில்லை. லினக்ஸில் அந்த வரியே இல்லாமலும் போகலாம். அப்படியென்றால் கோளாறு உங்கள் சுவருக்குள்: கம்பி, வைஃபை, ரௌட்டர். தொலைத்தொடர்பு நிறுவனத்தை அழைக்க இன்னும் நேரம் வரவில்லை. 127.0.0.1 என்ற எண் எப்போதும் இருக்கும். அது கணினி தன்னையே குறிப்பது.

இரண்டாம் படி, பிங். தோட்டத்துப் பெரட்டில் கிராணியார் பெயர் வாசிப்பார், குரல் வந்தால் ஆள் இருக்கிறார். பிங் அதைத்தான் செய்கிறது: எதிர்முனைக்கு ஒரு சிறு பொட்டலம் அனுப்பி, பதில் வருகிறதா, எத்தனை மில்லிவிநாடியில் வருகிறது என்று பார்க்கிறது. மைக் மூஸ் என்ற அமெரிக்கர் 1983 டிசம்பரில் எழுதியது. கடலடியில் ஒலியை அனுப்பி எதிரொலி கேட்கும் சோனார் கருவியின் சத்தத்தை வைத்துப் பெயரிட்டார்.

பிங்கை மூன்று தடவை, மூன்று முகவரிக்குச் செய்யுங்கள். முதலில் உங்கள் ரௌட்டருக்கு. அதன் முகவரி ஐபி, இடைவெளி, ஆர் என்று அடித்தால் 'டிஃபால்ட்' என்ற வரியில் இருக்கும். அடுத்து வெளியுலகுக்கு, எண்ணாலேயே: 8.8.8.8 அல்லது 1.1.1.1. மூன்றாவதாக ஒரு தளத்தின் பெயருக்கு. ரௌட்டர் பதில் சொல்லி, எண் பதில் சொல்லாவிட்டால் வெளி லைனில் கோளாறு. எண் பதில் சொல்லி, பெயர் மட்டும் சொல்லாவிட்டால் லைன் நன்றாக இருக்கிறது, பெயரை எண்ணாக மாற்றும் சேவையில்தான் கோளாறு. லினக்ஸில் பிங் தானாக நிற்காது. சிறு கோடு, சி, 10 என்று சேர்த்தால் பத்தோடு நிற்கும். விண்டோஸில் நான்கோடு நிற்கும்.

வரும் எண்ணைப் படிக்க ஓர் அளவுகோல் வேண்டும். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. போகும். போய் வர, 100 கி.மீ. தூரத்துக்கு ஒரு மில்லிவிநாடி. இங்கிருந்து கோலாலம்பூருக்கு இயற்கையே கேட்கும் நேரம் ஓரிரு மில்லிவிநாடிதான். கோலாலம்பூரிலிருந்து ஏறத்தாழ 2,600 கி.மீ. தள்ளியிருக்கும் சென்னைக்கு 26க்குக் குறைவாக எந்த நிறுவனத்தாலும் தர முடியாது. 35,786 கி.மீ. உயரத்துச் செயற்கைக்கோள் வழியே போய் வந்தால் கிட்டத்தட்ட அரை விநாடி. ஆக, உள்நாட்டுத் தளம் ஒன்றுக்கு எப்போதும் 10 காட்டும் லைன் இன்று 300 காட்டினால், தூரம் காரணமில்லை, நெரிசல் காரணம். கடைசி வரியில் வரும் இழப்பு விழுக்காடும் முக்கியம். நூற்றுக்கு ஐந்து பொட்டலம் தொலைந்தாலே காணொளி அழைப்பு விக்கும்.

ஒரு எச்சரிக்கை. சில தளங்கள் பிங்குக்குப் பதில் சொல்வதில்லை என்று முடிவெடுத்து வைத்திருக்கின்றன. ஓரிடம் மௌனமாக இருந்தால் இன்னோர் இடத்தைக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

மூன்றாம் படி, பெயர்ச் சேவை. என்எஸ்லுக்கப் என்று அடித்து இடைவெளி விட்டுத் தளத்தின் பெயரைக் கொடுங்கள். யாரிடம் கேட்கப்பட்டது, என்ன எண் கிடைத்தது என்று வரும். மலேசியர்களுக்கு இது வெறும் தொழில்நுட்பச் சங்கதி இல்லை. 2024 செப்டம்பரில், கூகல், கிளவுட்ஃபிளேர் போன்ற வெளிநாட்டுப் பெயர்ச் சேவைகளுக்குப் போகும் கேள்விகளை உள்நாட்டு நிறுவனங்களின் சேவைக்கே திருப்பிவிடும் ஏற்பாடு தொடங்கியது. பொதுமக்கள் எதிர்ப்பு எழவே, தொடர்புத் துறை அமைச்சர் ஃபாமி ஃபாட்சில் அதைத் தொடர வேண்டாம் என்று மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் சொன்னார். அப்படித் திருப்பப்படும்போது திரையில் 8.8.8.8 என்றே தெரியும், பதில் சொல்வது வேறொருவராக இருக்கும். கருவி தான் யாரைக் கேட்டது என்பதைச் சொல்லும். வழியில் யார் குறுக்கிட்டார் என்பதைச் சொல்லாது.

நான்காம் படி, டிரேஸ்ரூட். விண்டோஸில் டிரேசர்ட். வான் ஜேக்கப்சன் 1980களின் பிற்பகுதியில் எழுதியது. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் 'இத்தனை தாண்டலுக்கு மேல் போகாதே' என்று ஓர் எண் உண்டு. அதை 1, 2, 3 என்று கூட்டிக்கொண்டே அனுப்பினால், ஒவ்வொரு தாண்டலிலும் இருக்கும் கருவி 'இங்கே தீர்ந்தது' என்று திருப்பிச் சொல்லும். அப்படிச் சேரும் பதில்கள்தான் பாதையின் வரைபடம். முதல் வரி உங்கள் ரௌட்டர். அடுத்த சில வரிகள் உங்கள் நிறுவனத்துக்குள். நடுவில் நட்சத்திரக் குறிகள் வந்து, பிறகு பாதை தொடர்ந்தால் கவலையில்லை. ஒரு வரிக்குப் பிறகு முடிவுவரை நட்சத்திரங்களே என்றால், உடைப்பு அந்த வரிக்கு அப்பால் இருக்க வாய்ப்பு உண்டு.

மூன்றாவது: அஞ்சல் எங்கே நிற்கிறது?

ஜிமெயில் போன்ற சேவையை உலாவியில் பயன்படுத்துபவர்களின் அஞ்சல் வரிசை அந்த நிறுவனத்திடம் இருக்கிறது. உங்கள் கறுப்புத் திரைக்கு அது தெரியாது. அவர்களுக்குச் செய்தி திரும்பி வரும் மடலில்தான். அலுவலகம் தன் சொந்தச் சேவையகத்தில் போஸ்ட்ஃபிக்ஸ், சென்ட்மெயில், எக்சிம் போன்ற ஒன்றை ஓட்டினால் கட்டளை உதவும்.

மெயில் என்ற சொல்லோடு கியூ என்ற எழுத்தை ஒட்டி, மெயில்கியூ என்று அடியுங்கள். வரிசை காலி என்று வந்தால், உங்கள் சேவையகம் கடிதத்தை அடுத்த சேவையகத்திடம் கொடுத்துவிட்டது. தேட வேண்டிய இடம் எதிர்முனை, அதிலும் குப்பை அஞ்சல் பெட்டி. காலியில்லை என்றால், ஒவ்வொரு கடிதத்துக்கும் அடையாள எண், அளவு, வந்த நேரம், அனுப்பியவர், பெறுபவர் வரும். அதோடு நிற்பதற்கான காரணமும் அடைப்புக்குறிக்குள் வரும். பலர் அந்த அடைப்புக்குறியைப் படிப்பதே இல்லை. விடையே அதில்தான்.

'பெயர் கிடைக்கவில்லை' என்று இருந்தால் லைன் பகுதியின் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள். 'இணைப்பு நேரம் கடந்தது' என்று எல்லாக் கடிதத்துக்கும் இருந்தால், 25ஆம் எண் வாசல் அடைக்கப்பட்டிருக்கலாம். குப்பை அஞ்சலைத் தடுக்கப் பல நிறுவனங்கள் வீட்டு இணைப்புகளில் அதை அடைத்து வைக்கின்றன. அனுப்புவதற்கென்று இருக்கும் 587ஆம் வாசல் வழியே அஞ்சல் சேவை நிறுவனம் ஒன்றின் மூலம் அனுப்புவதுதான் வழி.

மூன்று இலக்க எண் இருந்தால் முதல் இலக்கத்தைப் பாருங்கள். 4இல் தொடங்கினால் தற்காலிக மறுப்பு. சேவையகம் தானே மறுபடி முயலும், நீங்கள் மீண்டும் அனுப்ப வேண்டியதில்லை. போஸ்ட்ஃபிக்ஸ் வழக்கமான அமைப்பில் 5 நாள் முயன்று, பிறகு திருப்பி அனுப்பும். 5இல் தொடங்கினால் முடிவான மறுப்பு. 550 பெரும்பாலும் அப்படி ஒரு முகவரி இல்லை என்றோ, உங்களை ஏற்க மாட்டோம் என்றோ பொருள்படும். பொறுத்திருந்து பயனில்லை, முகவரியைச் சரிபாருங்கள்.

தமிழில் தலைப்பிட்ட கடிதத்தை மூல வடிவில் பார்த்தால் திகைப்பாக இருக்கும். மின்னஞ்சல் தலைப்பு ஆங்கில எழுத்துக்கென உருவானது. மற்ற மொழிகளை அது வேறு உருவில் மாற்றித்தான் சுமக்கிறது. பரவலாக உள்ள பேஸ்64 உருவில் 'அம்மா' என்ற தலைப்பு 4கே6 என்றுதான் தொடங்கும். அதில் உள்ள தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 4கே6 அல்லது 4கே+ என்று தொடங்கும் நான்கு குறிகளாகும். இந்தத் தொடக்கம் திரும்பத் திரும்ப வந்தால் அது வைரஸ் இல்லை, தமிழ்.

இந்த நிலைக்கு வர வெகுகாலம் பிடித்தது. தமிழ் 1991லேயே யுனிகோடில் இடம்பெற்றாலும், 1990களில் அஞ்சல்கள் ஆளுக்கொரு எழுத்துருக் குறியீட்டில் போயின. நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலும், மலேசியாவில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த பாலா பிள்ளை தொடங்கிய தமிழ்.நெட் மடற்குழுவும் அந்தக் காலத்தில் தமிழில் கடிதம் எழுத வழி செய்தன. திஸ்கி போன்ற அந்தக் காலக் குறியீட்டில் எழுதிய பழைய மடல்கள் இன்று குழம்பிய எழுத்தாகத் தெரியும். மாற்றி கொண்டு யுனிகோடாக்கினால் படிக்கலாம், அழித்துவிடாதீர்கள்.

மூன்றும் பின்னிக் கிடக்கும்போது

ஓர் அலுவலகத்துக்கு இரண்டு நாளாக வெளியிலிருந்து கடிதமே வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். இணையத்தளங்கள் திறக்கின்றன. பிங் 8 மில்லிவிநாடியில் பதில் சொல்கிறது. மெயில்கியூ காலி. எல்லாம் நன்றாக இருப்பதுபோலத் தெரியும். டிஎஃப் பார்த்தால் 100 விழுக்காடு. போஸ்ட்ஃபிக்ஸ் தன் வட்டில் போதிய இடமில்லாதபோது வரும் கடிதத்தை 452 என்று சொல்லித் தள்ளிவைக்கும். 4இல் தொடங்குவதால் அனுப்பியவரின் சேவையகம் முயன்றுகொண்டே இருக்கும். ஐந்தாம் நாளுக்குள் இடம் காலி செய்தால் அத்தனை கடிதமும் தானே வந்து சேரும். தவறினால் திரும்பிப் போய்விடும். லைன்காரரை வரவழைத்துக் காத்திருந்தால் அந்த ஐந்து நாளும் போய்விடும்.

அதனால்தான் இந்த வரிசை. அஞ்சல், இடத்தையும் லைனையும் நம்பி நிற்பது. அடியில் இருப்பதை முதலில் சோதித்தால், மேலே இருப்பதில் நேரம் வீணாகாது. முதலில் டிஎஃப், பிறகு பிங், கடைசியில் மெயில்கியூ. இந்த மூன்று பெயரையும் ஒரு தாளில் எழுதிக் கணினிக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

கோளாறு வெளி லைனில்தான் என்று உறுதியானால், புகார் செய்யும்போது நான்கு விவரம் சொல்லுங்கள்: தேதியும் நேரமும், எந்த முகவரிக்குப் பிங் செய்தீர்கள், இழப்பு எத்தனை விழுக்காடு, டிரேஸ்ரூட் எந்த வரியோடு நின்றது. திரையைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதலில் நிறுவனத்திடம் புகார் எண் வாங்குங்கள். தீர்வு கிடைக்காவிட்டால் அந்த எண்ணோடும் படத்தோடும் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் போகலாம். "லைன் சரியில்லை" என்று மட்டும் சொன்னால், ரௌட்டரை அணைத்துப் போடுங்கள் என்பார்கள். விவரத்தோடு பேசினால் அந்தக் கேள்வியைத் தாண்டி வேலை நடக்கும்.